இரவு ஒன்பது மணி போனுக்கு எந்தப் படிப்பு?

கேள்வி: திருச்சி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 34. பி.பி.எட். முடித்து, தடகளத்தில் என்.ஐ.எஸ். (பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம்) ஆறு வாரச் சான்றிதழும் வாங்கியிருக்கிறேன். என்னிடம் ஓடிப் பழகிய மூன்று பெண்கள் இப்போது விளையாட்டு விடுதியிலும் தேசிய முகாமிலும் இருக்கிறார்கள். இரவு ஒன்பது மணி ஆனால் யாராவது ஒருத்தியின் போன் வரும். பயிற்சி, பரீட்சை, வீட்டுச் சண்டை, மருந்து என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், சரியாகத்தான் சொல்கிறேனா என்று தெரியவில்லை. உயர்மட்ட வீரர்களுக்கு மென்டாராக, அதாவது வழிகாட்டியாக, இருப்பதற்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு என்கிறார்கள். உடற்கல்வியில் முதுநிலையான எம்.பி.எட். சேர்வதா, தொலைநிலையில் எம்.எஸ்சி. உளவியலா, இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் சான்றிதழா? வேலையை விட முடியாது. இதற்குக் கட்டணம் வாங்கலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: மூன்று வழிகளில் ஒன்றை உடனே அடைத்துவிடலாம். தொலைநிலையில் உளவியல் இனி கிடையாது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்துக்குள் உளவியல் வந்துவிட்டதால், அதைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025இல் நிறுத்திவிட்டது. இன்னமும் 'சீட் இருக்கிறது' என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.

எம்.பி.எட். நல்ல படிப்புதான். ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அது பதில் இல்லை. இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர், முழுநேரம். மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநர் நிலை 1 ஆக வேண்டும், அல்லது நெட் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராகப் போக வேண்டும் என்றால் அதுதான் வாசல். உடலியங்கியல், உயிர் இயக்கவியல், அளவீடு, பயிற்சி முறை என்று பாடங்கள் பரந்து கிடக்கும். உளவியல் அதில் ஒரு பங்கு. இன்னொருவரிடம் உட்கார்ந்து பேசுவது எப்படி என்று அங்கே யாரும் உங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்தப் போவதில்லை. 'முடித்தால் இன்கிரிமென்ட் வரும்' என்று ஸ்டாஃப் ரூமில் சொல்பவர்கள் பழைய கணக்கில் சொல்கிறார்கள். உயர்கல்விக்கான அந்த முன் ஊதிய உயர்வை மாநில அரசு 2020 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் துறையின் முன் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே சேருங்கள். சேர்ந்த பின் அனுமதி கேட்டால் சர்வீஸ் ரெஜிஸ்டரில் பதிவதற்கே அலைய வேண்டியிருக்கும்.

பாட்டியாலா என்.ஐ.எஸ். நடத்தும் ஓராண்டுக் கோச்சிங் டிப்ளமோவை நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் பலர் உங்களை அங்கே தள்ளுவார்கள். 1961 முதல் நம் நாட்டுக்குக் கோச்களை உருவாக்கித் தரும் இடம் அது. உங்களை இன்னும் நல்ல கோச் ஆக்கும். உங்களுக்குக் குறையாக இருப்பது கோச்சிங் இல்லையே.

இந்த மென்டார் வேலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எதைப் படிப்பது என்பதும் தெளிவாகும். 1990களில் ஆஸ்திரேலியா தன் தேசிய, மாநில விளையாட்டு நிறுவனங்களில் வீரர்களின் படிப்பையும் வேலையையும் கவனிக்கத் தனி ஆட்களை வைத்தது. பிரிட்டன் அதைப் பார்த்துத் தானும் தொடங்கியது. இன்று அங்கே 'பெர்ஃபார்மன்ஸ் லைஃப்ஸ்டைல்' ஆலோசகர் என்பது கோச், பிசியோ, உளவியலாளர் போலவே சம்பளப் பட்டியலில் இருக்கும் பதவி. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் 'இரட்டை வாழ்க்கைப் பாதை' என்ற பெயரில் விளையாட்டையும் படிப்பையும் சேர்த்து நடத்துவதற்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. முதுநிலைப் படிப்புகள் முளைத்தது இந்த வேலைகளைச் சுற்றித்தான். கோச்சிங், செயல்திறன் உளவியல், வீரர் ஆதரவு என்று பெயர்கள் மாறும். அதனால் பட்டத்தின் பெயரில் 'மென்டார்' இருக்கிறதா என்று தேடாதீர்கள். நீங்கள் ஒரு வீராங்கனையோடு பேசுவதை அனுபவமுள்ள ஒருவர் கேட்டு, எங்கே தவறினீர்கள் என்று சொல்லும் ஏற்பாடு அதில் இருக்கிறதா? கேட்க வேண்டியது அதை மட்டும்தான்.

அப்படிச் சொல்ல ஒருவர் ஏன் வேண்டும்? உங்களுக்கு வரும் போன்களில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

"மிஸ், கேம்ப்ல புரோகிராம் ரொம்ப ஹெவியா இருக்கு. ஹேம்ஸ்ட்ரிங் டைட்டாவே இருக்கு. நீங்க குடுத்ததையே பண்ணட்டுமா?"

உங்கள் கை தன்னால் அந்த புரோகிராமைத் திருத்தப் போகும். "ரெண்டு ரெப் குறைச்சுக்கோம்மா" என்று சொல்லி போனை வைத்துவிடலாம். அன்பில் சொன்னதுதான். ஆனால் மறுநாள் அவள் ஆறு தடவை ஓட வேண்டியதில் நான்கோடு நிற்பாள். கோச் ஏன் என்று கேட்பார், பொய் சொல்வாள். அல்லது கோச் கவனிக்காமல், ஆறும் ஓடிவிட்டாள் என்று எண்ணி அடுத்த வாரச் சுமையை ஏற்றுவார். ஒரே தசைக்கு இரண்டு பேர் கணக்கு எழுதினால் கிழிவது தசை.

அதே போனை இப்படியும் கொண்டுபோகலாம்.

"எத்தனை நாளா டைட்டா இருக்கு?"

"பத்து நாள் மிஸ்."

"சார்கிட்ட சொன்னியா?"

"இல்ல. பயமா இருக்கு."

"சொன்னா என்ன ஆகும்னு நினைக்கிற?"

"இஞ்சுரின்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா?"

"அனுப்பிடுவாங்களோன்னுதான் வலியோட ஓடிக்கிட்டிருக்க."

"ம்."

இங்கே வாயை மூடிக்கொண்டு ஐந்து வினாடி இருக்க வேண்டும். பெரும்பாலும் அடுத்த வாக்கியத்தை அவளே சொல்வாள். "சொல்லாம இருந்தா இன்னும் மோசமாயிடும்ல மிஸ்" என்பாள். அதன் பிறகு கோச்சிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கலாம். எந்தக் கால், எந்த இடம், எந்த ஓட்டத்தில் பிடிக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, பத்துக்கு எத்தனை வலி என்று நான்கைந்து வரி. நாளைக் காலை வார்ம்-அப்புக்கு முன்னால், மற்றவர்கள் இல்லாதபோது. சொன்ன பிறகு உங்களுக்கு ஒரு மெசேஜ். அவ்வளவுதான். புரோகிராமை நீங்கள் தொடவே இல்லை.

கோச் ஆக இருந்தவர்களுக்கு மென்டார் வேலை மற்றவர்களைவிடக் கடினமாக இருப்பது இதனால்தான். பதில் கையிலேயே இருக்கும்.

படிப்பில் இதற்குப் பயிற்சி எப்படித் தருவார்கள்? அனுமதி வாங்கி ஒரு பேச்சைப் பதிவுசெய்து, இருபது நிமிடத்தை எழுத்தில் கொண்டுவந்து, உங்கள் வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறியிடுவீர்கள். திறந்த கேள்வியா, 'ஆமாம், இல்லை' கேள்வியா, அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னதா, அறிவுரையா என்று. மேலே உள்ள பேச்சில் "அனுப்பிடுவாங்களோன்னுதான் வலியோட ஓடிக்கிட்டிருக்க" என்பது கேள்வி இல்லை. அவள் சொன்னதற்குள் இருந்ததை எடுத்துக் கண்ணாடி போலக் காட்டியது. ஒருவர் தானே மாற முடிவெடுக்க உதவும் 'ஊக்க நேர்காணல்' என்ற பேச்சு முறையில் தரத்தை அளக்கும்போது ஒரு கேள்விக்கு இப்படி ஒரு பிரதிபலிப்பு இருந்தால் 'பரவாயில்லை', இரண்டு இருந்தால் 'நன்று' என்று வைப்பார்கள். முதல் தடவை குறியிடும் ஆசிரியர்களின் தாளில் அறிவுரைக் குறிதான் வரிசையாக நிற்கும். அதைக் கண்ணால் பார்ப்பதே பாதிப் படிப்பு. எந்தப் பல்கலைக்கழகமும் இல்லாமலே இந்த வாரம் நீங்கள் செய்து பார்க்கலாம். பதிவுக்கு அவளிடமும், 18 வயது ஆகாதவள் என்றால் பெற்றோரிடமும் அனுமதி கேட்டுவிட்டு மட்டும்.

இனி இங்கிலாந்துச் சான்றிதழ். அங்கே முழு முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட். 120இல் நின்றால் முதுநிலை டிப்ளமோ, 60இல் நின்றால் முதுநிலைச் சான்றிதழ். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அப்படியானால் 60 கிரெடிட்டுக்கு 600 மணி. 40 வாரத்தில் முடிக்க நினைத்தால் வாரம் 15 மணி வேண்டும். பள்ளி, சாயங்கால கிரவுண்டு, மண்டல மீட் எல்லாவற்றோடும் அது நடக்காது. இரண்டு ஆண்டுக்குப் பரப்பிக்கொள்ள அனுமதிக்கும் படிப்பாகப் பாருங்கள். அப்போது வாரம் ஏழெட்டு மணியில் அடங்கும். நேரலை வகுப்பு அங்கே மாலை ஆறு மணி என்றால் கோடையில் நமக்கு இரவு பத்தரை, அக்டோபர் கடைசிக்குப் பிறகு பதினொன்றரை. இதை யோசிக்காமல் சேர்ந்தவர்கள் நவம்பரில் திணறுவார்கள்.

60 கிரெடிட் என்பது பட்டம் ஆகாது. அரசு வேலையில் அதற்குப் பதவி உயர்வோ, நம் ஊர்ப் பட்டத்துக்குச் சமம் என்ற இணைத்தன்மைச் சான்றோ எதிர்பார்க்காதீர்கள். திறமைக்காகச் சேருங்கள், இல்லையேல் சேர வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நான்கு விஷயம் கேளுங்கள். மேற்பார்வையில் நடக்கும் நேரடிப் பயிற்சி எத்தனை மணி, மேற்பார்வையாளர் வீரர்களோடு வேலை செய்தவரா அல்லது வகுப்பறை ஆள் மட்டும்தானா, மதிப்பீட்டுக்கான பேச்சைத் தமிழில் நடத்தி மொழிபெயர்ப்போடு தரலாமா, நான் முன்பு பயிற்சி கொடுத்த பெண்களையே எடுத்துக்கொள்ளலாமா. மூன்றாவதற்கு 'ஆங்கிலத்தில் மட்டும்' என்று பதில் வந்தால் அந்தப் படிப்பை விட்டுவிடுங்கள். உங்கள் வீராங்கனைகள் ஆங்கிலத்தில் அழ மாட்டார்கள்.

நான்காவதற்குப் பெரும்பாலும் 'கூடாது' என்றே பதில் வரும். அதில் நியாயம் உண்டு. மிஸ் கேட்டால் அந்தப் பெண்ணால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நெறிமுறைக் குழு கேட்பதும் அதைத்தான். எனவே உங்களிடம் பழகாத இரண்டு மூன்று வீரர்களை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கும். அதற்கு விடுதி அல்லது அகாடமியின் பொறுப்பாளரிடம் அனுமதிக் கடிதம், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல், அதற்கும் மேல் அந்தப் பிள்ளையின் சொந்தச் சம்மதம் என்று மூன்று தாள் வேண்டும். காலம் தின்பது முதல் தாள். அதிகாரி மாறினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். வகுப்பு தொடங்கும் முன்பே அந்தக் கடிதத்தை நகர்த்தத் தொடங்குங்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை; பாடத்திட்டத்தில் இது இருக்காது. "மனசு சரியில்ல மிஸ்" என்று ஒருத்தி சொன்னதை ஆங்கிலத்தில் 'டிப்ரஷன்' என்று எழுதிவிட்டால், அங்கே இருக்கும் மேற்பார்வையாளர் அதை நோயாகப் படிப்பார். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காததிலிருந்து அப்பாவின் குடி வரைக்கும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கும். "ஒரு மாதிரி இருக்கு" என்பதும் அப்படித்தான். "ஸ்டார்ட்டிங் லைன்ல கை கால் ஓடல" என்பதை நேராக மாற்றினால் பக்கவாதம் மாதிரி கேட்கும். தமிழிலேயே எழுதி, தமிழிலேயே அலசி, மேற்கோள் காட்டும் வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயருங்கள். மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் அதைக் கொடுத்துத் திரும்பத் தமிழாக்கச் சொல்லுங்கள். இரண்டும் எங்கே பிரிகிறதோ அங்கே தமிழ்ச் சொல்லையே வைத்துவிட்டு விளக்கம் எழுதிவிடலாம். ஒரு மணி நேரப் பதிவைத் தாளில் இறக்க ஐந்தாறு மணி ஆகும் என்பதையும் அந்த 600க்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படிப்பில் வரும் கருவிகளில் உங்களுக்கு உடனே பயன்படக்கூடியது பால் வில்லெமன், டேவிட் லாவலீ இருவரும் 2004இல் முன்வைத்த வளர்ச்சிப் படம். ஒரு தாளில் இடமிருந்து வலமாக வயதை எழுதுங்கள். கீழே வரிசையாக விளையாட்டு, மனவளர்ச்சி, உறவுகள், படிப்பும் வேலையும் என்று கோடு போடுங்கள். பணத்துக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று என்று கோடுகள் பிற்பாடு சேர்ந்தன. ஒவ்வொரு கோட்டிலும் மாற்றம் வரும் வயதில் ஒரு புள்ளி வையுங்கள். பிளஸ் டூ 17, 18இல் முடியும். ஊரை விட்டு விடுதிக்குப் போவதும் அதே வாக்கில். 18இல் சட்டப்படி பெரியவள். ஒப்பந்தத்தில் அவளே கையெழுத்துப் போடலாம். தடகளத்தில் 20 வயதுக்குட்பட்டோர் பிரிவு முடிந்து சீனியரில் இறங்கும்போது ஜூனியர் மெடல் டைமிங் அங்கே ஃபைனலுக்குக்கூடப் போதாது. புள்ளிகள் எல்லாம் மூன்று ஆண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதைப் பார்ப்பீர்கள். நல்ல ஜூனியர்கள் 20 வயதில் காணாமல் போவதற்குக் காரணம் தேட அதிக தூரம் போக வேண்டாம். மூன்று பெண்களுக்கும் மூன்று தாள் போட்டுவிட்டால், அடுத்த போன் எதைப் பற்றி வரும் என்பது ஓரளவு முன்பே தெரிந்துவிடும்.

அந்தத் தாளில் வேலைக் கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'படிவம்' என்று எழுதிக்கொள்ளுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு மெடலும் மெரிட் சர்டிபிகேட்டும் மட்டும் போதாது. சர்வதேசப் போட்டி, தேசியப் போட்டி, பல்கலைக்கழகம், பள்ளி என்று நிலைக்கேற்ப 1 முதல் 4 வரை படிவம் உண்டு. உரிய சங்கமோ பல்கலைக்கழகமோ கல்வித் துறையோ கையெழுத்திட வேண்டும். போட்டி முடிந்த கையோடு வாங்கிவிட்டால் ஒரு வாரம். நான்கு ஆண்டு கழித்துப் போனால் நிர்வாகி மாறியிருப்பார், சங்கத்தில் இரண்டு கோஷ்டி இருக்கும். தமிழக அரசு வேலையில் மூன்று சதவீத ஒதுக்கீடு இருந்தும் தாள் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு.

மருந்து விஷயத்தில் மட்டும் உங்களுக்கு ஒரே பதில்தான் இருக்கலாம்: எதையும் சிபாரிசு செய்யாதீர்கள். "மிஸ், இருமல், என்ன சிரப் வாங்கட்டும்?" என்று கேட்டால், நம் மெடிக்கல் ஷாப்பில் எளிதாகக் கிடைக்கும் பல இருமல் சிரப்களில் டெர்பியூட்டலின் இருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் அந்த மருந்து போட்டி நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும் தடைசெய்யப்பட்டது. முன்கூட்டியே மருத்துவ விலக்கு வாங்காமல் குடித்தால் 'தெரியாமல் குடித்தேன்' என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை நீக்காது. முகாம் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் (நாடா) 'நோ யுவர் மெடிசின்' செயலியில் அவளையே தேடிப் பார்க்கப் பழக்குங்கள். நீங்களும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் இலவச இணையப் பாடங்களில் உதவியாளர்களுக்கு உள்ளதை முடித்துவிடுங்கள். விதிப்படி வீரரோடு வேலை செய்யும் நீங்களும் 'ஆதரவாளர்' கணக்கில் வருவீர்கள். மூவரில் ஒருத்தி ஊக்கமருந்து ஊசி போடுகிறாள் என்று தெரிந்து மறைக்கத் துணை நின்றால் அது உங்கள் பெயரிலேயே ஒரு விதிமீறல்.

அவர்களில் யாராவது எப்போது வேண்டுமானாலும் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படுவோரின் பதிவுப் பட்டியலில் வந்துவிட்டால், காலை ஐந்து மணிக்கும் இரவு பதினொன்றுக்கும் இடையில் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று இணையத்தில் பதிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தவறு என்றால் வழக்கமான தண்டனை இரண்டு ஆண்டுத் தடை. ஊக்கமருந்தே தொடாமல் தடை வாங்க இது ஒரு வழி. எங்கே தவறும்? பொங்கலுக்கு ஊருக்கு வந்திருப்பாள், பதிவில் முகாம் அறை எண்ணே இருக்கும். டிக்கெட் புக் செய்யும்போதே முகவரியை மாற்றும் பழக்கம் வந்துவிட்டால் போதும்.

பெண்கள் என்பதால் இன்னும் இரண்டு. மாதவிலக்கு தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றாலோ, அது 'ஹார்டு டிரெயினிங்கில் சகஜம்' இல்லை. செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். எலும்பு முறிவு வரைக்கும் கொண்டுபோகும். மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உங்கள் வேலை, வெட்கப்படாமல் இதைக் கேட்கக்கூடிய ஆளாக இருப்பது.

இரண்டாவது, மரபணுச் சோதனை. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட, ஆண் பாலின வளர்ச்சியோடு தொடர்புடைய எஸ்ஆர்ஒய் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் ஒருமுறைச் சோதனையை உலகத் தடகள அமைப்பு கட்டாயமாக்கியிருக்கிறது. கன்னத்தின் உட்பக்கத்திலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சவுந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்று, பாலினச் சோதனைக்குப் பிறகு அதை இழந்தார். அந்தச் செய்தியை நாடே டிவியில் பார்த்தபோது அவருக்குப் பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் ஏற்பாடாகி இருக்கவில்லை. அவர் பின்னாளில் என்.ஐ.எஸ். டிப்ளமோ முடித்துப் பயிற்சியாளராக வந்தது அவருடைய திடம். உங்கள் பெண்களுக்குச் சோதனைக்கு முன்பே விளக்கம் வேண்டும்: எதைப் பார்க்கிறார்கள், முடிவு யார் கைக்குப் போகும், எதிர்பாராத முடிவு வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவது. முடிவு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மனநலத்தில் எல்லை எங்கே? சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இரண்டு தாள்கள் வெளியிட்டிருக்கிறது. ஒன்று மருத்துவர்களும் உரிமம் பெற்றவர்களும் பயன்படுத்துவது. அதன் முதல் படியில் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். கூட்டினால் 17க்கு மேலோ சரியாக 17ஓ வந்தால் அடுத்த படிக்குப் போவார்கள். இதை இணையத்தில் இறக்கி உங்கள் பெண்களுக்கு நீங்கள் மதிப்பெண் போட வேண்டாம். 22 வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? இன்னொரு தாள் கோச், பெற்றோர், சக வீரர் என யாரும் பார்க்கலாம். அறிகுறிகளையும் எப்போது உதவி தேடுவது என்பதையும் சொல்வது. உங்களுக்கு உரியது அதுதான். ஒலிம்பிக் கமிட்டியே உயர்மட்ட விளையாட்டில் மனநலம் என்று ஒரு சான்றிதழ்ப் படிப்பும் நடத்துகிறது. டிப்ளமோ மருத்துவ, உளவியல் துறையினருக்கு, சான்றிதழ் மற்றவர்களுக்கும். இங்கிலாந்துச் சான்றிதழுக்குப் பணம் சேரும் வரை அதில் தொடங்கலாம். உயிரை விடுவது பற்றிய பேச்சு வந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ். அந்த எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. விடுதிப் பொறுப்பாளரை அப்போதே எழுப்ப வேண்டும்.

'மிஸ், யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று தொடங்கும் போன் ஒருநாள் வரும். முதல் சந்திப்பிலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால்தான் அன்றைக்கு நீங்கள் தடுமாற மாட்டீர்கள். எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்று. 18 வயது ஆகாதவள் பாலியல் தொந்தரவைச் சொன்னால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு அதைக் காவல்துறையிடம் தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. சங்கத்திடம் சொன்னேன், கோச்சிடம் சொன்னேன் என்பது அதற்கு ஈடாகாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். அவள் வாக்குக் கேட்டு நீங்கள் வாக்குக் கொடுத்த பிறகு இதைச் சொன்னால் துரோகமாகத் தெரியும். முன்பே எழுதிய தாளில் இருந்தால் அவளும் அது தெரிந்தே பேசுகிறாள்.

ஆக என் பரிந்துரை. பதவி உயர்வு இப்போது முக்கியம் இல்லை என்றால் எம்.பி.எட். காத்திருக்கட்டும். வேலையில் இருந்துகொண்டே, மேற்பார்வைப் பயிற்சி உள்ள, தமிழ்ப் பதிவை ஏற்கும் 60 கிரெடிட் சான்றிதழை இரண்டு ஆண்டுக்குப் பரப்பிப் படியுங்கள். அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றால், கல்வி விடுப்புக்கு விண்ணப்பித்து விளையாட்டு உளவியலில் முழுநேர முதுநிலை சேருங்கள். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும் குவாலியர் லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனத்திலும் அதற்குத் தனித் துறை இருக்கிறது. அதை முடித்தாலும் நீங்கள் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட மாட்டீர்கள் என்பது நினைவிருக்கட்டும். நோய் என்று பெயர் சூட்டுவது வேறு உரிமம்.

சேர்க்கைக் கட்டுரையில் உங்கள் மெடல்களையும் மாணவிகளின் மெடல்களையும் அடுக்காதீர்கள். விண்ணப்பம் பார்ப்பவர்கள் அதைத் தினமும் படிக்கிறார்கள். ஒரே ஒரு போனை எடுத்து, பெயரும் அடையாளமும் இல்லாமல், நீங்கள் என்ன சொன்னீர்கள், ஏன் அது தவறாக இருந்திருக்கலாம் என்று முந்நூறு சொல்லில் எழுதுங்கள். இன்றிலிருந்தே ஒரு நோட்டு போட்டால் அதற்குச் சரக்கு இருக்கும். தேதி, எத்தனை நிமிடம், அவள் கேட்டது, நான் சொன்னது, சொல்லாமல் விட்டது. ஐந்து வரி போதும்.

கட்டணம்: அரசு ஊழியர் நீங்கள், நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் வெளியே ஊதியம் வாங்க முடியாது. வாங்காமல் இருப்பதே இப்போதைக்கு நல்லது. பணத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. அவள் சர்வதேச மெடல் அடித்தால் அரசு ஊக்கத்தொகையில் கோச்சுக்கும் ஒரு பங்கு உண்டு. விண்ணப்பத்தில் 'பயிற்சியாளர்' என்ற கட்டத்தில் யார் பெயர் என்று அன்றைக்குப் பள்ளிக் கோச், விடுதிக் கோச், முகாம் கோச் மூவரும் நிற்பார்கள். அவளும் உங்கள் மேல் உள்ள பாசத்தில் உங்கள் பெயரை எழுதப் போவாள். அவளை முதலில் உருவாக்கியவர் என்ற முறையில் பள்ளிக் காலத்துக்கான உரிமை உங்களுக்கு இருக்கலாம். அதைத் தேதியோடு தனியாகக் கேளுங்கள். முகாமில் இருக்கும் காலத்துக்கு உங்கள் பெயர் அந்தக் கட்டத்தில் வரக் கூடாது என்பதை அந்த ஒரு பக்கத் தாளின் கடைசி வரியாக இப்போதே எழுதி, அவளிடம் ஒரு பிரதி, முகாம் கோச்சிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.